அறுபதுக்குப் பிறகும் ஸ்டொப்வோச்



மாலை ஐந்து மணிக்குப் பிறகு கீரிக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். மன்னார்ப் பட்டினத்துச் சனம் காற்று வாங்க வருகிற இடம் அது. சின்னப் பிள்ளைகள் தண்ணீருக்குள் நிற்பார்கள். பொடியன்கள் பந்தோடு ஓடுவார்கள். இளம் பெண்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளிச்சம் தேடுவார்கள்.

அறுபது தாண்டியவர்கள் எங்கே? ஓட்டோவுக்குப் பக்கத்தில், விரித்த பாயில். எல்லாருடைய செருப்புக்கும் பைக்கும் அவர்கள்தான் காவல்.

யாரும் அவர்களை அதட்டி இருத்தவில்லை. "நீங்க இருங்க அம்மா, கால் நோகும், நாங்க போயிற்று வாறம்" என்று அன்பாகச் சொல்லித்தான் இருத்தினோம். அந்த அன்பைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியிலும் இதே கதைதான். பிள்ளைகளுக்கு 100 மீற்றர், 400 மீற்றர், நீளம் பாய்தல், குண்டு போடுதல் எல்லாம் இருக்கும். நேரம் குறிக்க ஒருவர், தூரம் அளக்க ஒருவர் நிற்பார்கள். பெரியவர்களின் முறை வந்ததும் மைதானமே சிரிக்கத் தயாராகிவிடும். ஒரு சங்கீதக் கதிரை, ஒரு தேசிக்காயும் கரண்டியும், கடைசியில் கயிறு இழுத்தல். விழுந்தால் இன்னும் பெரிய சிரிப்பு.

சிரிப்பு நல்லதுதான். ஆனால் ஐம்பது, அறுபது வயதில் மைதானத்துக்குள் இறங்குகிற ஒருவருக்கு நாங்கள் ஏன் ஸ்டொப்வோச் பிடிப்பதில்லை? அவரும் உண்மையாகத்தான் ஓடுகிறார் என்று நினைக்க ஏன் எங்களுக்கு வருவதில்லை?

முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தபவன் அவர்களை உங்களுக்கு நினைவிருக்கும். எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிக்குப் போனார். 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம், 5000 மீற்றர் வேகநடையில் தங்கம், 800 மீற்றரில் வெண்கலம் என்று மூன்று பதக்கங்களோடு திரும்பினார். பத்திரிகையில் படம் வந்தது. நாங்கள் எல்லாரும் பகிர்ந்தோம், பெருமைப்பட்டோம். பிறகு எங்கள் வீட்டு அம்மாவைப் பார்த்து, "நீங்க இருங்க" என்று மறுபடியும் சொன்னோம்.

ஏன்? அவர் அபூர்வப் பிறவி, எங்கள் வீட்டில் இருப்பது சாதாரண அம்மா என்ற எண்ணம்தான். ஆனால் முல்லைத்தீவு மண்ணில் அந்தத் தலைமுறை பட்டதை எல்லாம் பட்ட ஒரு ஊரிலிருந்துதான் அவர் போனார். வசதியான நகரத்துச் செயற்கை ஓடுபாதைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர் அல்ல. அவரிடம் இருந்த முக்கியமான ஒன்று, தான் இன்னும் ஒரு வீராங்கனை என்ற எண்ணம். அது எந்த வீட்டிலும் வரக்கூடியது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் பெரியவர்களுக்கு வயது போகப் போக நாங்கள் கொடுக்கிற ஒரே அடையாளம் நோயாளி என்பதுதான். அப்பாவுக்குப் பிறஷர், அம்மாவுக்குச் சீனி, பெரியம்மாவுக்கு நாரிப்பிடிப்பு. கிளினிக் கொப்பி, மாத்திரைப் பை, மாதத்துக்கு ஒரு திகதி. தொலைபேசி எடுத்தாலும் முதல் கேள்வி, "சீனி எவ்வளவு காட்டினது?"

நோயாளி நடப்பதற்கும் விளையாட்டுக்காரர் நடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. டொக்டர் சொன்னதற்காக நடக்கிறவர், சீனி இறங்கியதும் நின்றுவிடுவார். மழை வந்தால் நின்றுவிடுவார். கூட நடந்த சிநேகிதி கொழும்புக்குப் போனால் நின்றுவிடுவார். அடுத்த மாதம் ஒரு போட்டி இருக்கிறது, போன முறையைவிட அரை நிமிடம் குறைக்க வேண்டும் என்று நினைக்கிறவர் அவ்வளவு சுலபமாக நிற்கமாட்டார். முதலாமவருக்கு அது மருந்து. இரண்டாமவருக்கு அது தன்னுடைய வேலை.

இதற்குச் சாட்சி வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. மடு ஆவணித் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களைப் பாருங்கள். வருடம் முழுவதும் "முழங்கால் ஏலாது" என்று சொன்ன அம்மம்மா, செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்துவிடுவார். ஹஜ்ஜுக்குப் போக நிய்யத்து வைத்த வாப்பாமார் மாதக்கணக்கில் முன்னதாகவே நடந்து பழகுவார்கள். கதிர்காமத்துக்குக் காட்டு வழியாகப் பாதயாத்திரை போகிறவர்களில் நரைத்த தலைகளை எண்ணிப் பாருங்கள்.

கால் எங்கிருந்து வந்தது? திகதி ஒன்று இருந்தது, கூட்டம் ஒன்று இருந்தது, போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருந்தது. திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் இந்த மூன்றும் இல்லாமல் போகின்றன. முழங்காலும் பழையபடி பேசத் தொடங்குகிறது.

"வயது போனால் உடம்பு தளரும்தானே, அதை யார் தடுக்கிறது?" என்று கேட்பீர்கள். தளரும் என்பது உண்மை. முப்பதைத் தாண்டியதிலிருந்தே பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைந்துகொண்டே போகிறது. அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாக. ஆனால் அதில் எவ்வளவு வயதின் வேலை, எவ்வளவு சும்மா இருப்பதன் வேலை என்று யாராவது பிரித்துப் பார்க்கிறோமா? கரையில் ஏற்றி, ஓலை போட்டு மூடிப் பத்திரமாக வைத்த மரவள்ளமும் பலகை விலகி ஒழுகத் தொடங்கும் என்பது மீன்பிடி வீட்டுக்காரருக்குத் தெரியும்.

1990இல் வெளிவந்த ஆய்வு ஒன்றுக்காக, அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் வைத்தியர்கள் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். வயது சராசரியாகத் தொண்ணூறு. பலம் குன்றிய பத்துப் பேர். அவர்களுக்குக் காலால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பெயருக்குக் கையைக் காலை ஆட்டுவது அல்ல, உண்மையாகவே பாரம். எட்டு வாரம் முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. அதாவது முன்பு இருந்ததைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். இரண்டு பேர் ஊன்றுகோலையே விட்டுவிட்டார்கள். தொண்ணூறு வயதில் தசை இப்படிச் சொல்வழி கேட்கும் என்றால், அறுபத்திரண்டு வயதில் எங்களுக்கு என்ன சாட்டு?

எங்கள் கரையோரத்துக்கு இதில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் அப்பப்பாமாருக்கு உடற்பயிற்சி என்று ஒன்று தெரியாது. கரைவலை இழுத்தார்கள். மணலில் குதி புதைய, நாரியில் கயிறு மாட்டி, பின்னோக்கி நடந்தார்கள். அம்மம்மாமார் கிணற்றில் அள்ளிக் குடத்தில் சுமந்தார்கள், உரலில் இடித்தார்கள், நிலத்தில் இருந்து சமைத்தார்கள், நிலத்திலிருந்து கை ஊன்றாமல் எழும்பினார்கள். பிறகு பல இடங்களில் வலை இழுக்க உழவு இயந்திரம் வந்தது. இன்று குழாயில் தண்ணீர், கிரைண்டரில் சம்பல், முன்வாசலில் மோட்டார் சைக்கிள்.

நல்லதுதான். அந்தக் கஷ்டம் யாருக்கும் திரும்பி வரவேண்டாம். ஆனால் உடம்புக்குப் போய்க்கொண்டிருந்த வேலை நின்றுவிட்டது. சோற்றுக் கோப்பையின் அளவு மட்டும் மாறவில்லை. இலங்கையில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருக்கிறது என்று சொல்லியே நீண்ட காலமாகிவிட்டது. உங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக யோசித்துப் பாருங்கள். ஐந்தில் ஒன்று என்பது குறைவாகக்கூடத் தோன்றும்.

"நான் விடியத் தொடங்கினால் படுக்கும்வரை வேலைதானே செய்யிறன், அது போதாதா?" என்று அக்காமார் கேட்பது எனக்குக் கேட்கிறது. வீட்டு வேலை வேலைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடுப்படியில் நின்றபடி பத்து மணித்தியாலம் களைத்துப்போவது வேறு, இருதயம் வேகமாக அடிக்க அரை மணித்தியாலம் நடப்பது வேறு. முதலாவதில் களைப்பு மிஞ்சும். இரண்டாவதில் பலம் மிஞ்சும்.

எவ்வளவு செய்ய வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு கடினமானது அல்ல. கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை ஓரளவு மூச்சு வாங்க நடக்க வேண்டும், அல்லது சைக்கிள் ஓட வேண்டும், நீந்த வேண்டும். கிழமைக்கு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் கொடுக்கிற பயிற்சி. 65 வயது தாண்டியவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. எங்கள் ஆட்கள் நடையை மட்டும் கேட்டுக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் குளியலறையில் வழுக்கும்போது பிடித்து நிறுத்துவது அந்த இரண்டும்தான்.

அதற்கு ஜிம் தேவையில்லை. கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்து முறை எழும்பி இருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி இறக்குங்கள். பல் துலக்கும்போது, ஒரு கை சுவருக்குப் பக்கத்தில் இருக்க, ஒற்றைக் காலில் நில்லுங்கள். இரண்டு தண்ணீர்ப் போத்தல் உங்கள் பாரம். இன்று எத்தனை, போன கிழமை எத்தனை என்று கலண்டரில் எழுதுங்கள். எழுதத் தொடங்கியதுமே நீங்கள் விளையாட்டுக்குள் வந்துவிடுகிறீர்கள்.

இளமையில் ஓடாதவருக்கு இது சரிவருமா? எங்கள் மன்னார்த் தீவின் மறுமுனையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2021 மார்ச் மாதம் விடிவதற்கு முன் தலைமன்னாரில் ஒரு பெண் கடலுக்குள் இறங்கினார். ஹைதராபாத்தைச் சேர்ந்த கோலி ஷியாமளா. வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. 13 மணித்தியாலம் 43 நிமிடம் நீந்தி, ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தாண்டி, மாலையில் தனுஷ்கோடிப் பக்கம் கரையேறினார்.

1966இல் நீச்சல் வீரர் மிஹிர் சென் நீந்திக் கடந்த அதே நீரிணைதான். ஆனால் ஷியாமளாவின் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது தூரமோ நேரமோ அல்ல. அவர் நீந்தப் பழகியதே நாற்பது வயது தாண்டிய பிறகு. அதுவரைக்கும் தண்ணீர் என்றால் பயம். கடலைச் சுற்றி வைத்துக்கொண்டு வாழ்கிற நாங்கள், எங்கள் பெண்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

எல்லாரும் நீரிணையைத் தாண்ட வேண்டும் என்று சொல்லவில்லை. நாற்பத்தைந்தில் புதிதாக ஒன்றைப் பழகலாம், ஐம்பத்தைந்தில் பழகலாம், அறுபத்தைந்திலும் பழகலாம் என்பதற்கு அது ஒரு அத்தாட்சி.

இனி வீட்டுக்காரருக்கு. இந்த இடத்தில் கொஞ்சம் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறேன், கோபிக்காதீர்கள்.

எங்கள் வீடுகளில் அறுபது வயது அம்மம்மா ஓய்வில் இருக்கிறாரா? மகன் கட்டாரில், மருமகள் வேலையில். பேரப்பிள்ளையை எழுப்பி, ஊட்டி, பள்ளிக்கூடம் விட்டு, பிறகு ரியூசனுக்குக் கூட்டிப்போய், வாசலில் காவல் இருந்து கூட்டி வருவது யார்? "அம்மா நடக்கப் போகிறதில்லை" என்று குறை சொல்கிற நாங்கள், அவர் நடக்க ஒரு மணித்தியாலம் விட்டோமா? அவருக்குத் தேவைப்படுவது புத்திமதி அல்ல. காலை ஐந்தரை முதல் ஆறரை வரை தேத்தண்ணீரை வேறு யாராவது போட வேண்டும், அவ்வளவுதான்.

பஞ்சாபைச் சேர்ந்த மான் கௌர் ஓடத் தொடங்கியது 93 வயதில். ஓடச் சொன்னது அவருடைய மகன் குர்தேவ் சிங். அவரே அப்போது முதியவர்தான். 2017இல் நியூசிலாந்தின் ஓக்லாந்தில் நடந்த உலக மாஸ்டர்ஸ் விளையாட்டுகளில் 101 வயதான மான் கௌர் 100 மீற்றரை ஒரு நிமிடத்துச் சொச்சத்தில் ஓடித் தங்கம் வென்றார். அவருடைய வயதுப் பிரிவில் ஓடியது அவர் ஒருவர் மட்டும்தான். சிரிக்கலாம். ஆனால் மற்றவர்கள் ஏன் வரவில்லை என்றும் யோசிக்க வேண்டும். 105 வயதில், 2021இல், அவர் காலமானார்.

அவருடைய கதையில் மகனை மறக்காதீர்கள். "அம்மா, நீங்க இருங்க" என்று சொல்லாத ஒரு மகன் இருந்தார்.

"சனம் என்ன சொல்லும்?" என்ற பயம் பெண்களுக்கு உண்மையானது. நரைத்த பிறகு சப்பாத்துப் போட்டுக்கொண்டு வீதியில் வேகமாக நடந்தால் பார்க்கிறவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். தனியாகப் போனால் கதை. ஐந்து பேராகப் போனால் அது குழு. பூசைக்கும் கோயிலுக்கும் ஒன்றாகப் போகிற அதே ஐந்து பேர் போதும். என்ன உடுப்பு என்பது உங்கள் விருப்பம். சேலையோ, சல்வாரோ, அபாயாவோ, கால் தடுக்காமல் இருந்தால் சரி. சப்பாத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

கீரிப் பக்கம் நடக்கிறவர்களுக்குச் சில விடயங்கள். காய்ந்த மணல் குதிகாலையும் கெண்டைக்காலையும் கடுமையாக வேலை வாங்கும். தொடக்கத்தில் தண்ணீர் ஓரத்து ஈர மணலில் நடவுங்கள். கரை சரிவாக இருக்கும் இடத்தில் ஒரே பக்கமாக நீண்ட தூரம் போனால் ஒரு முழங்காலுக்கே பாரம் விழும்; போன தூரத்துக்குத் திரும்பி வாருங்கள். மன்னார் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடியல் அல்லது பொழுது சாயும் நேரம்தான் நல்லது. தண்ணீர் கொண்டு போங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கால் மரத்துப்போயிருந்தால் சிப்பி வெட்டியதும் தெரியாது, தூண்டில் முள் ஏறியதும் தெரியாது. வீட்டுக்கு வந்து பாதத்தின் அடியைப் பாருங்கள். தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் காட்டுங்கள். மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பையில் இரண்டு டொபி வைத்திருங்கள். இருதய வருத்தம் உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேளுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால், தலை சுற்றினால் நிற்க வேண்டும். அங்கே வீரம் தேவையில்லை, வைத்தியசாலைதான் தேவை.

தலைமன்னார் வீதியில் இருட்டோடு நடக்கிறவர்கள் வெள்ளை உடுப்புப் போடுங்கள், வாகனம் எதிரே வருகிற பக்கமாக நடவுங்கள். காரணம் இருக்கிறது. 89 வயதில் மரதன் ஓடத் தொடங்கி, நூறு வயது என்று சொல்லி 2011இல் டொரொண்டோவில் மரதனை முடித்த பௌஜா சிங்கை அறிவீர்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அந்த வயதைச் சாதனைப் புத்தகம் ஏற்கவில்லை. 2025 ஜூலையில், 114 வயது என்ற நிலையில், அவரைக் கொண்டுபோனது எந்த நோயும் அல்ல. சொந்த ஊர் வீதியில் மோதிவிட்டு நிற்காமல் போன ஒரு வாகனம்.

கடைசியாக, எங்கள் விளையாட்டுக் கழகங்களுக்கும் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்.

உதைபந்தாட்டம் இல்லாமல் மன்னார் இல்லை. ஒவ்வொரு கிராமத்திலும் முன்பு ஊரையே திரட்டிய ஆட்டக்காரர்கள் இன்று கோட்டுக்கு வெளியே கதிரையில் இருக்கிறார்கள். பள்ளிக்கூட நாளில் மாகாணம் வரை ஓடிய பெண்கள் கலியாணத்தோடு ஸ்பைக்ஸைக் கழற்றினார்கள். பிறகு யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. உலக மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிகளில் 35 வயதிலிருந்தே ஐந்து வருடத்துக்கு ஒரு பிரிவு. எழுபது வயதாகிறவர் தன் பிரிவின் கடைக்குட்டியாகிவிடுகிறார். பிறந்தநாள் வந்தால் வெற்றி வாய்ப்புக் கூடுகிற இடம் வேறு எங்காவது இருக்கிறதா?

இதற்கு நிதி வேண்டாம், அமைச்சர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். அடுத்த சித்திரைப் புத்தாண்டு விளையாட்டிலோ இல்ல விளையாட்டிலோ, அறுபதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் பெண்களுக்கும் 1000 மீற்றர் நடை ஒன்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே அறிவியுங்கள். இலக்கம் குத்துங்கள், நேரம் குறியுங்கள், முதல் மூன்று பேரின் நேரத்தை ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அடுத்த வருடம் அதை முறியடிக்க ஆட்கள் வராவிட்டால் என்னைக் கேளுங்கள்.

தேசிக்காயும் கரண்டியும் இருக்கட்டும். அதை எங்கள் நாற்பது வயதுக்காரர் ஓடட்டும். அவர்களுக்கும் கொஞ்சம் சிரிப்பு வேண்டும்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலோ ஊரிலோ அறுபது தாண்டியவர் ஒருவர் நடக்கவோ, ஓடவோ, நீந்தவோ, சைக்கிள் ஓடவோ தொடங்கினால் எங்களுக்கு எழுதுங்கள். வயது, தூரம், எடுத்த நேரம், முந்திய நேரம் நான்கும் வேண்டும். என்ன வருத்தம், என்ன மாத்திரை என்பது வேண்டாம். அவருடைய பெயர் எங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வரும். மருத்துவப் பக்கத்தில் அல்ல.

அன்புடன்,
ஆசிரியர்